பதினாலு அங்குலம்

சாம்பல்தீவில் மழை பிந்திய வருசம்
தைக்கிற நாடாவோடு கொட்டிலுக்குப் போனேன்.
கூட்டின் நீளம் சரி. அகலம் பரவாயில்லை.
உயரம் பதினாலு அங்குலம்.

நாற்பத்திரண்டு கூடு, நாற்பத்திரண்டு கூனல் முதுகு.
ஒன்றாவது நிமிர்ந்து நின்று நான் கண்டதில்லை.
காதுகள் கூரைக் கம்பியில் முட்டி
மடிந்தபடியே வளர்ந்திருந்தன.
இந்த இனத்தின் சாயலே அதுதான் என்று
மூன்று வருசம் நினைத்திருந்தேன்.

இரவில் கம்பி கடிப்பார்கள்.
கிர்ர், கிர்ர், கொஞ்சம் ஓய்வு, பிறகும் கிர்ர்.
ஆரோ விடியுமட்டும் தகரம் அரிகிற மாதிரி.
"பசி" என்றார் இவர். தீன் கூட்டினோம்.
தீனையும் தின்றுவிட்டுக் கடித்தார்கள்.

கால்நடை அலுவலகத்துக்குப் புதிதாய் வந்த பிள்ளை, தர்மிளா,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.
"பசியில்லை அக்கா. வேலையில்லை."

முதலில் பந்து. சின்னவனின் பழைய ரப்பர்ப் பந்து.
ஒருநாள் பயந்தார்கள். மறுநாள் அதில் மூத்திரம் பெய்தார்கள்.
மூன்றாம் நாள் கழுவிச் சின்னவனிடமே கொடுத்தேன்.

சலூன் வரதனிடம் உடைந்த கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கி
விளிம்பைத் தேய்த்துப் பதினேழாம் கூட்டின் வெளிப்புறம் கட்டினேன்.
தனியே கிடந்த சாம்பல் நிறத்தாள்
அதன்மேல் விலாவைச் சாய்த்துப் படுத்தாள்.
பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல்
தண்ணீர் வாளியோடு அப்பால் போய்விட்டேன்.
அடுத்த கிழமை இடைக்கம்பியை வெட்டிப்
பதினெட்டாம் கூட்டுக்காரியோடு சேர்த்தேன்.
இரண்டு நாள் ரோமம் பறந்தது.
மூன்றாம் நாள் ஒருத்தியின் நெற்றியை மற்றவள் நக்கினாள்.

முருங்கைக் கொப்பு, பட்டையோடு.
கினியாப்புல்லைக் கட்டாக்கித் தொங்கவிட்டால்
எட்டிப் பறிக்க வேண்டும்,
எட்டுவதற்கு இடம் வேண்டும்.
கூரையை உயர்த்தினேன்.
தகரம், ஆணி, கூலி, பதினோராயிரம்.
இவர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆறாம் நாள், பொழுது சாய்கிற நேரம்,
சாம்பல் நிறத்தாள் பின்னங்காலில் எழுந்தாள்.
முன்னங்கால் இரண்டும் காற்றில்,
எதைப் பிடிப்பதென்று தெரியாமல்.
காதுகள் நேராகி, நுனியில் மட்டும் மடிந்தன.
கடற்காற்று வந்தது. மூக்கு அசைந்தது.
அவ்வளவுதான்.
இறங்கிப் புல்லைத் தின்றாள்.

பிறகு ஒளிப்பிடம்.
தண்ணீர்ச் சபை விட்டுப்போன குழாய்த் துண்டுகள்.
கோயில் வாணம் ஒன்று வெடித்தாலே
உள்ளே போய்ச் சுருண்டுகொள்வார்கள்.
அது ஏன் தேவை என்று தர்மிளா விளக்கத் தொடங்கினாள்.
"தெரியும் பிள்ளை" என்றேன்.
தொண்ணூறில் எங்கள் வளவிலும் ஒன்று இருந்தது,
தென்னங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கியது.

வியாழக்கிழமை பட்டாவில் வருவான் மர்சூக்,
நிலாவெளி ஹோட்டல்களுக்கு எடுக்கிறவன்.
"கறிக்குப் போறதுக்கு மாடிவீடோ அக்கா?"
எனக்கு மறுமொழி வரவில்லை.
இப்போதும் இல்லை.
ஏழு பேரை நிறுத்தான். காசை எண்ணினேன்.
கரண்ட் பில், சின்னவனின் ரியூசன், இந்தக் கூரைக்கு வாங்கிய கடன்.
ஏழில் ஒருத்தி அவள்.

நாடா என் கழுத்தில்தான் கிடந்தது.
அவனுடைய பெட்டியை அளந்தேன்.
பத்து அங்குலம்.
"இருபது நிமிசப் பயணம்தானே" என்று சிரித்தான்.

கம்பி கடிக்கிற சத்தம் இப்போது குறைவு.
அன்றிரவு எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

அடுத்த வியாழன்
பெட்டி அதே பத்து அங்குலம்.
உள்ளே ஒரு முருங்கைக் கொப்பு கிடந்தது,
பல் படாதது, பச்சை.
ஆரும் போட்டதோ, வழியில் முறிந்து விழுந்ததோ.
நான் கேட்கவில்லை.
அவன் தராசை எடுத்து வைத்தான்.